சார்ஜ் வயரும் பெற்றோல் தாங்கியும்: பிளக்-இன் வான் பற்றிய வாசகர் கேள்விகள்

கிறைஸ்லர் பசிஃபிக்கா ஹைபிரிட் 2017 மொடல் ஆண்டு முதல் ஒன்ராறியோவின் வின்சர் ஆலையில் தயாரிக்கப்பட்டு வந்தது. வட அமெரிக்கச் சந்தையில் சுவரில் செருகி சார்ஜ் ஏற்றவும் பெற்றோலில் ஓடவும் கூடிய ஹைபிரிட் மினிவான் இது ஒன்றாகத்தான் இருந்தது. அதையும் நிறுத்துவதாகக் கிறைஸ்லரின் தாய் நிறுவனமான ஸ்ரெலன்ரிஸ் 2026 தொடக்கத்தில் அறிவித்துவிட்டது. ஆகவே இனி வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கப்போவது பாவித்த வான்தான். வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கணவர் வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீற்றர். இரண்டு பிள்ளைகள், மாமா மாமியும் எங்களோடுதான். பாவித்த பசிஃபிக்கா ஹைபிரிட் எடுப்பதா, டொயோட்டா சியென்னா எடுப்பதா? பசிஃபிக்கா எடுத்தவர்களில் சிலர் மெச்சுகிறார்கள், சிலர் தலையில் கைவைக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?
– வாசகி, ஸ்காபரோ

வான் ஒன்றுதான், ஓட்டுகிற தூரம்தான் ஆளுக்காள் வேறு. இதன் பற்றரி 16 கிலோவாட் மணி. கனடாவின் அதிகாரபூர்வக் கணக்கில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 51 கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடும். அது தீர்ந்ததும் 3.6 லீற்றர் வி6 எஞ்சினோடு சாதாரண ஹைபிரிட்டாக மாறி, 100 கிலோமீற்றருக்குச் சுமார் 8 லீற்றர் குடிக்கும். சியென்னா பிளக் இல்லாத ஹைபிரிட், எப்போதும் 6.5 லீற்றரை ஒட்டியே இருக்கும்.

உங்கள் 40 கிலோமீற்றரைப் பார்ப்போம். பசிஃபிக்காவுக்கு ஏறக்குறைய 10 யூனிற் (கிலோவாட் மணி) மின்சாரம் போதும். ஒன்ராறியோவின் நள்ளிரவுச் சலுகைத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை ஒரு யூனிற் 4 சதத்துக்குள்தான். விநியோகக் கட்டணமும் வரியும் சேர்ந்தாலும் நாளொன்றுக்கு ஒரு டொலரைச் சுற்றித்தான் வரும். சியென்னாவுக்கு அதே தூரத்துக்கு 2.6 லீற்றர் வேண்டும். லீற்றர் 1 டொலர் 40 சதம் என்று வைத்தால் 3 டொலர் 60 சதம். ஆண்டில் 250 வேலை நாள் என்றால் மிச்சம் 650 டொலர். குளிர்கால மாதங்களில் இந்த மிச்சம் பாதியாகும் என்பதால் 500 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியல் போன்ற தூரப் பயணத்தில் கதை மாறும். 540 கிலோமீற்றரில் முதல் 50 மின்சாரம், மீதிக்குப் பசிஃபிக்கா 39 லீற்றர் குடிக்கும். சியென்னா முழுத் தூரத்தையும் 35 லீற்றரில் முடித்துவிடும்.

ஆகவே தினமும் 30 முதல் 60 கிலோமீற்றர் ஓடி, இரவில் வீட்டு வாசலில் செருகுகிறவர்கள் மெச்சுவார்கள். தொடர்மாடியில் பிளக் இல்லாமல் இருப்பவர்களும், ஒரு வழியே 80 கிலோமீற்றர் போகிறவர்களும் தலையில் கைவைப்பார்கள். பெற்றோல் பசிஃபிக்காவைவிட 250 கிலோவுக்கு மேல் அதிக எடையுள்ள வானைப் பெற்றோலில் இழுப்பதுதான் அவர்களுக்கு மிச்சம். உங்கள் வீட்டில் பிளக் இருக்கிறது என்றால், பாவித்த சியென்னாவைவிட இது குறைந்தது 5,000 டொலர் மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள். விலை சமம் என்றால் சியென்னா. அந்த 5,000 டொலரைப் பின்னால் வரக்கூடிய திருத்த வேலைக்கென்று ஒதுக்கிவையுங்கள், சமையலறை புதுப்பிக்க அல்ல.

மாமா மாமிக்கு ஏறி இறங்க இரண்டு வானும் ஒன்றுதான். ஆனால் பசிஃபிக்கா ஹைபிரிட் முன்சில்லு இழுவையில் மட்டுமே வந்தது. நாலு சில்லும் இழுக்க வேண்டும் என்பவர்களுக்குச் சியென்னாவில் அந்தத் தெரிவு உண்டு.

பற்றரி 100 வீதம் காட்டுகிறது. ஜனவரி காலையில் வானை எடுத்ததும் எஞ்சின் உறுமுகிறது. பழுதா?
– அஜாக்ஸ்

பழுதில்லை. இந்தக் கேள்வி பனிக்காலம் தவறாமல் வரும், ஏனென்றால் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்த வானில் மின்சாரத்தில் மட்டும் ஓடு என்று கட்டளையிடப் பொத்தான் கிடையாது. எப்போது எஞ்சினை எழுப்புவது என்பதை வானே முடிவுசெய்யும்.

குளிரில் அது எழுவதற்கு முதற்காரணம் ஹீற்றர். வெப்பப் பம்பு இதில் இல்லை. மின்சுருள் ஒன்று கூலன்ற் நீரைச் சூடாக்கி உள்ளே காற்றை வெதுவெதுப்பாக்குகிறது. குளிர் கூடினால் அந்தச் சுருள் மட்டும் போதாது, எஞ்சினின் சூடு வேண்டும். இரண்டாவது, உறைந்த பற்றரியால் முழுவேகத்தில் மின்சாரம் கொடுக்கவும் முடியாது, பிரேக்கிலிருந்து திரும்ப வாங்கவும் முடியாது. அக்சிலறேற்றரை ஆழ மிதித்தாலும் எஞ்சின் வரும்.

குறைக்க வழி உண்டு. சார்ஜ் ஏற்றும் நேரத்தைப் புறப்படுவதற்குச் சற்று முன் முடியும்படி வையுங்கள். மாலை 6 மணிக்கே நிறைந்துவிட்ட பற்றரி காலையில் பனிக்கட்டிபோலத்தான் இருக்கும். வயர் செருகியிருக்கும்போதே ரிமோட் ஸ்டார்ட் கொடுத்து உள்ளறையைச் சூடாக்குங்கள். 240 வோல்ட் சார்ஜர் இருந்தால் அந்தச் சூட்டுக்கான மின்சாரத்தைச் சுவரே கொடுத்துவிடும். 120 வோல்ட் பிளக் கொடுப்பது 1.4 கிலோவாட்தான், ஹீற்றர் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. மீதியைப் பற்றரி கொடுக்கும், புறப்படும் முன்னரே பத்து வீதம் போய்விட்டதே என்று நீங்கள் திகைப்பீர்கள்.

ஓடும்போது ஹீற்றரை 20 பாகையில் விட்டு, இருக்கைச் சூட்டையும் ஸ்ரியரிங் சூட்டையும் போடுங்கள். அவை இழுக்கும் மின்சாரம் சொற்பம். கண்ணாடிப் பனி நீக்கும் பொத்தானைத் தேவையான நிமிடங்களுக்கு மட்டும் அழுத்துங்கள், அது எஞ்சினைக் கூப்பிடும்.

ஒரு எச்சரிக்கை. கடுங்குளிரில் ரிமோட் ஸ்டார்ட் கொடுத்தால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கலாம். மின்சார வான்தானே என்று கராஜ் கதவை மூடியபடி சூடாக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் வீட்டுக்குள் வரும். கராஜோடு ஒட்டிய அறையில் அலாரம் இருக்கட்டும்.

வீட்டில் 100 அம்பியர் பனல்தான். 240 வோல்ட் சார்ஜர் போட 200 ஆக உயர்த்த வேண்டும் என்கிறார் ஒருவர். உண்மையா?
– பிரம்டன்

இந்த வானுக்காக என்றால் தேவையில்லை. வானுக்குள் இருக்கும் சார்ஜர் 6.6 கிலோவாட்டுக்குமேல் வாங்காது, அதாவது சுமார் 28 அம்பியர். நீங்கள் 48 அம்பியர் பெட்டியைச் சுவரில் மாட்டினாலும் வான் குடிப்பது அவ்வளவுதான்.

இரண்டு வழி உண்டு. 40 அம்பியர் பிரேக்கர், 8 கேஜ் செம்பு வயர், 32 அம்பியர் சார்ஜர் போட்டால் வெறும் பற்றரி இரண்டு மணி நேரத்தில் நிறையும். 20 அம்பியர் இரட்டைப் பிரேக்கர், 12 கேஜ் வயர், 16 அம்பியர் சார்ஜர் என்றால் மூன்றரை, நாலு மணி நேரம். இரவில் தூங்கும் வானுக்கு இது தாராளம். பனலையும் பயமுறுத்தாது. அடுத்த வாகனம் முழு மின்சாரமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் மட்டும் முதலாவதைப் போடலாம். பனல் தாங்குமா என்பதை எலெக்ற்றீசியன் வீட்டின் மொத்தச் சுமையைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல.

ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தகாரரைத்தான் அமர்த்தலாம். மின் பாதுகாப்பு அதிகாரசபையில் வேலையைப் பதிவுசெய்து, முடிந்ததும் சான்று வாங்கிவையுங்கள். வீடு விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் அந்தத் தாள்தான் பேசும். பிளக் பொருத்துவதைவிட சார்ஜரை நேரே வயரோடு இணைப்பது மேல். மலிவான 50 அம்பியர் சொக்கெற்றுகள் அடுப்புக்காகச் செய்தவை. இரவிரவாக மணிக்கணக்கில் சூடேறி உருகுவது அவைதான்.

120 வோல்ட்டிலேயே காலம் தள்ளலாமா என்றால், தள்ளலாம். வெறும் பற்றரிக்கு 12 முதல் 14 மணி நேரம் எடுக்கும். ஆனால் அந்தச் சொக்கெற் இருக்கும் சேர்க்கிற்றில் வேறொன்றும் ஓடக்கூடாது. கராஜில் இறைச்சி வைக்கும் பெரிய ஃப்ரீசர் அதே வயரில் இருந்தால் பிரேக்கர் விழும், இரண்டும் போகும். நீட்டிப்பு வயர் வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சொக்கெற்றை மாற்றுங்கள்.

வீதியோர அதிவேக சார்ஜரில் இந்த வானைச் செருக முடியாது. அதற்கான துளையே இதில் இல்லை.

நடு வரிசை இருக்கைகள் தரைக்குள் மடியுமா?
– மிசிசாகா

மடியா. பெற்றோல் பசிஃபிக்காவில் அவை மடிந்து இறங்கும் குழிகளில்தான் ஹைபிரிட்டின் பற்றரி இருக்கிறது. கழற்றி வெளியே எடுக்கலாம், ஆனால் பாரம். கடைசி வரிசை மட்டும் தரைக்குள் போகும். கட்டிலும் அலுமாரியும் அடிக்கடி ஏற்றுகிறவர்கள் வாங்கிய முதல் மாதத்திலேயே வருந்துவது இதற்குத்தான். மறுபுறம், மடிய வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஹைபிரிட்டின் நடு இருக்கைகள் தடிப்பானவை. வயதானவர்கள் நெடுநேரம் உட்கார அதுவே சுகம்.

2018 வான் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. தீப்பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். நம்பி வாங்கலாமா?
– மார்க்கம்

பயத்துக்குக் காரணம் உண்டு. 2022 பெப்ரவரியில் 2017, 2018 மொடல்கள் ஏறத்தாழ 19,800 வான்கள் ரீகோல் செய்யப்பட்டன, அதாவது திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுத்திவைத்த நிலையில் 12 வான்களில் தீ ஏற்பட்டிருந்தது. திருத்தம் செய்யும்வரை வெளியே நிறுத்து, சார்ஜ் ஏற்றாதே என்பது அறிவுரை. 2024 ஜூலையில் மறுபடியும் ஒன்று வந்தது. 2017 முதல் 2021 வரையான மொடல்களில் 24,000-க்கும் மேல். இந்த முறை காரணத்தையும் சொன்னார்கள். பற்றரிக் கலத்துக்குள் இருக்கும் அனோட் எனப்படும் எதிர்மின்முனைத் தகட்டின் நாக்குகள் சிலவற்றில் மடிந்தோ கிழிந்தோ இருந்தன. திருத்தம் என்னவென்றால், மென்பொருளால் பற்றரியைக் கண்காணித்து, தேறாததை மாற்றுவது. இடையில் 2023-ஐ ஒட்டி, ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகக்கூடிய வயர் இணைப்புக் கோளாறுக்காக 67,000-க்கும் மேற்பட்டவை அழைக்கப்பட்டன.

எனவே 2022 ரீகோல் முடிந்துவிட்டது என்று ஒருவர் தாளைக் காட்டினால் அதோடு திருப்தியடையாதீர்கள். 2024 ரீகோலும் அந்த வானுக்கு உண்டா, முடிந்ததா என்று பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் சாரதிப் பக்க மூலையில் தெரியும் 17 இலக்க வாகன எண்ணை உற்பத்தியாளரின் ரீகோல் தேடலில் நீங்களே இட்டுப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை ஏற்க வேண்டாம். தீராத பற்றரி ரீகோல் இருந்தால், நிலக்கீழ்த் தரிப்பிடம் மட்டுமே உள்ள தொடர்மாடிக்காரர் அந்த வானைத் தொடவே கூடாது.

2018 என்றால் இன்னொன்றும் உண்டு. பற்றரி உத்தரவாதம் பொதுவாக 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது. பதிவான திகதியைக் கேளுங்கள். முடிந்திருந்தால், விலை நல்லதாகத் தெரிவதற்குக் காரணம் அதுவே.

பார்க்கப் போகும்போது முதல் நாள் இரவே முழுதாக சார்ஜ் ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். கோடையில் மின்சாரத்தில் ஓடக்கூடிய தூரம் 45 முதல் 55 கிலோமீற்றர் வரை காட்ட வேண்டும். 30-ல் நின்றால் விலகிக்கொள்ளுங்கள். குளிர்காலமென்றால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்துப் பற்றரி இறங்கியதும், உங்கள் முன்னிலையில் 240 வோல்ட் 32 அம்பியர் சார்ஜரில் செருகி, அரை மணியில் கால்வாசி ஏறுகிறதா பாருங்கள். எஞ்சின் நின்றபடி ஏசி குளிர்கிறதா பாருங்கள், கம்பிரெஸர் மின்சாரத்தில் ஓடுவது. பிறகு எஞ்சினை வரவழைத்து டிக்டிக் என்ற தட்டல் கேட்கிறதா கவனியுங்கள். இந்த வி6-இல் றொக்கர் ஆர்ம் (வால்வைத் திறக்கும் சிறு நெம்புகோல்) தேய்வது தெரிந்த நோய்.

கடைசியாக ஒரு டோர்ச்சை எடுத்து, எஞ்சினின் மேல் நடுப்பள்ளத்தில் ஒயிலோ கூலன்ற்றோ தேங்கியிருக்கிறதா பாருங்கள். ஒயில் ஃபில்ற்றர் அமரும் பிளாஸ்ரிக் உறை அங்கேதான் இருக்கிறது, அதுதான் வெடித்துக் கசியும். ஃபில்ற்றர் மூடியை 25 நியூட்டன் மீற்றருக்குமேல் இறுக்கினால் வெடிப்பு விரைவில் வரும். அவசர ஒயில் கடைகளில் நீளக் கைபிடி போட்டு முறுக்குவது வழக்கம்.

வெளியே 25 பாகை. ஆனாலும் எஞ்சின் நிற்க மறுக்கிறது. எரிபொருள், ஒயில் புதுப்பிப்பு என்று ஏதோ எழுத்து வருகிறது.
– மொன்றியல்

அது வானின் தற்காப்பு. மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓடினால் தாங்கியில் பெற்றோல் பழசாகும். இன்னொரு பக்கம், எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நிற்பதே வழக்கமானால் ஒயிலில் பெற்றோலும் ஈரமும் கலந்து நீர்க்கும். இதில் எது நடந்ததாகக் கணித்தாலும் வான் எஞ்சினை ஓடவிடும்.

காரணம் எரிபொருள் என்றால் புதிதாக நிரப்பினால் அடங்கும். ஆகவே தாங்கியை எப்போதும் விளிம்புவரை நிரப்பாமல் பாதிக்குக் கீழே வைத்து, அடிக்கடி புதுப் பெற்றோல் ஊற்றுங்கள். காரணம் ஒயில் என்றால் ஒயில் நன்றாகச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் அரை மணி, முக்கால் மணி ஓட்டுங்கள். கடைக்குப் போய்வரும் பத்து நிமிடத்தில் இது தீராது, அடுத்த நாள் மறுபடி தொடங்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் ஒயிலை மாற்றுங்கள். அதன் பிறகும் விடாவிட்டால் டீலரிடம் மென்பொருள் புதுப்பிப்பு உண்டா என்று கேளுங்கள்.

உதிரி ரயர் எங்கே? சின்ன ட்ரெய்லர் இழுக்கலாமா?
– ஒட்டாவா

உதிரி ரயர் இல்லை. காற்றடிக்கும் சிறு பம்பும் ஓட்டையடைக்கும் திரவமும்தான். ஆணி குத்திய ஓட்டைக்கு அது உதவும். குழியில் விழுந்து ரயரின் பக்கச் சுவர் வெட்டினால் இழுவை வண்டிதான். தூரம் போகிறவர்கள் பொருந்தக்கூடிய சிறு உதிரிச் சில்லு, ஜாக், நட் திருகி மூன்றையும் வாங்கி, கடைசி வரிசைக்குப் பின்னாலுள்ள குழியில் பட்டியால் கட்டிவைக்கலாம். கடைசி வரிசையை மடிக்கும் நாளில் அதை வெளியே எடுக்க வேண்டும்.

ட்ரெய்லர் வேண்டாம். ஹைபிரிட்டுக்கு இழுவை அனுமதி எடை என்று ஒன்றே இல்லை.

எஞ்சின் ஓடுவதே அரிது. ஒயில் மாற்றவும் பிரேக் பார்க்கவும் காசு செலவழிக்க வேண்டுமா?
– பிக்கரிங்

வேண்டும், பிரேக்கைத்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

ஒயில் 0W-20, 4.7 லீற்றர். கிலோமீற்றர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குறைவாக ஓடும் எஞ்சினின் ஒயிலில்தான் ஈரம் தங்கும்.

பிரேக் பாட் இந்த வானில் அதிகம் தேய்வதில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பாவிக்காத பிரேக்கை ஒன்ராறியோவின் வீதி உப்பு விட்டுவைக்காது. டிஸ்க்கின் விளிம்பில் துரு ஏறும், பாட்டை டிஸ்க்கில் அமுக்கும் கலிப்பர் நகரும் ஊசிகள் காய்ந்து இறுகும். ஒரு பக்கப் பாட் டிஸ்க்கில் ஒட்டியபடியே ஓடித் தேய்ந்து உலோகம் தெரியும், மறுபக்கப் பாட்டில் பாதித் தடிப்பு இன்னும் இருக்கும். ஒரு சில்லு மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதுதான்.

வசந்தத்தில் குளிர்கால ரயரைக் கழற்றும் அன்றே நாலு சில்லிலும் கலிப்பரைத் திறந்து, ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் பூசினால் றப்பர் உறை ஊதிப்போகும். கை பிரேக் இதில் மின்மோட்டாரில் இயங்குவது. பின் கலிப்பரில் கைவைக்குமுன் அதைச் சேவை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அது தெரியாதவர் பிஸ்ரனை இடுக்கியால் அமுக்கினால் மோட்டார் முறியும், புதுக் கலிப்பருக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். வேலையை ஒப்படைக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்களை எங்கே கண்டாலும் பயிற்சி பெறாதவர் தொடக்கூடாது என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். சாவியை வானிலிருந்து எட்ட வைத்துவிட்டு வேலை தொடங்கினால் எஞ்சின் திடீரென்று எழும் ஆபத்தும் இருக்காது.